நோட்டீஸ் வந்த பிறகு: பெரும்பாக்கமா, பக்கத்திலேயே வீடா, வழக்கா?

கதவில் சிவப்புப் பெயிண்டில் ஓர் எண். சுவரில், குடிசைகளை அகற்றுவது பற்றி ஒரு நோட்டீஸ். ஒட்டிய பசை காய்வதற்குள் தெருவில் நான்கு கட்சிகள் உருவாகிவிடும். ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் மாதிரி இடத்தில் அரசு கொடுக்கிற வீட்டை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கட்சி. என்ன வந்தாலும் நகர மாட்டோம் என்று இன்னொன்று. வக்கீலைப் பார்க்கலாம் என்று இளைஞர்கள். பணமாகக் கொடுத்தால் எங்காவது வாடகைக்குப் போய்விடலாமே என்று, சத்தமில்லாமல், சிலர்.

சென்னையில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் இந்தக் காட்சி இருபத்தைந்து வருடமாக மாறவில்லை. மனு எழுதிக் கொடுக்கப் போகும் என்னிடம் அங்கே கேட்கப்படும் கேள்வியும் மாறவில்லை: எதை எடுத்துக்கொள்வது? தெருமுனையில் நின்று ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். வேலைக்கு நடந்து போகிற தூரத்திலேயே வீடு வேண்டும் என்ற கோரிக்கையின் பக்கம். ஆனால் அது எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. பொருந்தாத இடத்தில் அதையே பிடித்துக்கொண்டு நின்று, கைக்கு வந்த ஒதுக்கீட்டையும் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## முதலில் நோட்டீஸைப் படியுங்கள்

பெரும்பாலான தெருக்களில் நோட்டீஸை யாரும் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்று பாருங்கள். 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமென்றால், 7ஆம் பிரிவு நோட்டீஸ் விளக்கம் கேட்பது. 6ஆம் பிரிவு வெளியேறச் சொல்வது. முதலாவதற்கு எழுத்தில் பதில் கொடுக்கலாம், கொடுத்தே ஆக வேண்டும். பதில் போகவில்லை என்றால், சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். ஏரி, குளம் சார்ந்த இடமென்றால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வரும்.

அடுத்தது நிலத்தின் வகை. சர்வே எண்ணை வைத்து நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. ஒரே தெரு இரண்டு சர்வே எண்களில் விழுவது சாதாரணம். ஆற்றைப் பார்த்த வரிசை நீர்நிலைப் புறம்போக்கு. எதிர் வரிசை மாநகராட்சி நிலம். இரண்டு வரிசைக்கும் ஒரே நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். எதிர் வரிசைக்காரருக்குத் தன் நிலம் வேறு வகை என்பது தெரியவே தெரியாது.

மூன்றாவது, உங்கள் பகுதி 1971ஆம் ஆண்டு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்பது. சென்னையில் அப்போது 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகள் அந்தப் பட்டியல் நீளவே இல்லை. பட்டியலில் இருக்கும் தெருவுக்குச் சட்டப் பாதுகாப்பு கூடுதல். பாட்டி காலத்துத் தெருவாக இருந்தால் இதைத் தேடிப் பார்க்காமல் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் போகாதீர்கள்.

## எதை வைத்து அளப்பது

வீடு எவ்வளவு பெரிது, டைல்ஸ் போட்டிருக்கிறார்களா என்பதில்தான் எல்லோர் கண்ணும் போகும். அதிகாரிகளும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் அதைத்தான் காட்டுவார்கள். நான் வைக்கும் அளவுகோல்கள் வேறு.

முதலாவது, பெண்களின் வேலைக்கு எவ்வளவு தூரம். ஆணுக்குக் கொத்து வேலை எங்கே கிடைத்தாலும் போய் வருவார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். காலையில் ஆறு மணிக்கு ஒரு வீட்டில் பாத்திரம், எட்டு மணிக்கு இன்னொரு வீட்டில் சமையல் என்று இருப்பவருக்குத் தூரம் என்பது வேலையே இல்லை என்பதாகும். ஒரு கூட்டத்தில் மந்தைவெளிப் பக்கம் மூன்று வீடுகளில் வேலை செய்யும் ஓர் அம்மா, மகளின் கணக்கு நோட்டில் கோடு போட்டுக் காட்டினார். இப்போது நடந்து போகிறார். பெரும்பாக்கம் போனால் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சரி, காசு செலவில்லை. ஆனால் ஆறு மணி வீடு போய்விடும். எட்டு மணி வீட்டுக்கு நான்கு நாள் தாமதமாகப் போனால் அதுவும் போய்விடும். மிஞ்சுவது ஒரு வீடு. "அதற்கு விடியற்காலையில் எழுந்து, இரண்டு பஸ் மாறி, ஒரு வீட்டுச் சம்பளத்துக்குப் போக வேண்டுமா?" என்று நோட்டை மூடிவிட்டார். 2021இல் வந்த இலவசப் பயணம் நல்ல திட்டம்; ஆனால் அது டிக்கெட்டுக்குத்தான் பதில், நேரத்துக்கு இல்லை.

இரண்டாவது, தண்ணீர், இரண்டு இடத்திலும். ஆற்றங்கரை ஆபத்து என்பது பொய்யில்லை. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் போகச் சொல்லும் இடத்தின் தண்ணீரையும் அளக்க வேண்டும். செம்மஞ்சேரி ஒவ்வொரு பெருமழைக்கும் மிதக்கிறது. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி இன்னொரு வெள்ளத்தில் விடுவதற்குச் சுற்றுச்சூழல் என்று பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். அதிலும் பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்காகக் கூவத்தில் எழுப்பிய தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று அரசே 2012இல் வேலையை நிறுத்தியது. பிறகு 2022இல் அதே சாலைக்கு இரண்டடுக்காக மறுபடி அடிக்கல். தகரக் கூரை தடுக்கிற தண்ணீரைக் கான்கிரீட் தூண் தடுக்காதா என்று கேட்பதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கையில் என்ன காகிதம் வரும். டோக்கன், ஒதுக்கீட்டு ஆணை, கிரயப்பத்திரம், பட்டா, நான்கும் நான்கு விதம். நான்காவது, மாதம் எவ்வளவு போகும். ஐந்தாவது, நடுவில் எங்கே இருப்பது, பிள்ளைகளின் படிப்பு ஆண்டு என்னாகும்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முதலாவது. தெரு சேர்ந்து இருக்குமா, உடையுமா? சீட்டுப் பிடிப்பவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டி, அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் தரும் எதிர்வீட்டார், இவர்களெல்லாம் ஒரு குடும்பத்தின் வரவு செலவில் இருக்கிறார்கள். குலுக்கலில் ஆளுக்கொரு பிளாக், ஆளுக்கொரு மாடி என்று விழுந்தால் அந்த வரவு மொத்தமாக நின்றுவிடும்.

## வழி ஒன்று: ஒதுக்கீட்டை ஏற்று மறுகுடியமர்வு

கண்ணகி நகர் 2000இல் தொடங்கியது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கமும் எழில் நகரும், சேர்ந்து இருபதாயிரத்துக்கும் மேல். நகரத்துக்குள் இருந்த அத்தனை தெருக்களும் தெற்கே ஒரே மூலையில் குவிந்திருக்கின்றன. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கியபோது இப்படி இல்லை. அந்தக் காலத்து அடுக்குகள் பலவும் குடிசை இருந்த இடத்திலேயே எழுந்தவை. வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது; தூரம் மாறவில்லை.

இந்த வழியின் நல்லதை மறைக்கக் கூடாது. உள்ளே கழிப்பறை, பூட்டுகிற கதவு, தன் பெயரில் மின் இணைப்பு. ஒதுக்கீடு பெரும்பாலும் குடும்பத் தலைவி பெயரில் வருகிறது. இருட்டிய பிறகு ஒதுங்கப் போக வேண்டிய அவதியை அனுபவித்த பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. "எதை விட்டாலும் விடுவேன், இந்தக் கதவை விட மாட்டேன்" என்று பெரும்பாக்கத்தில் என்னிடம் ஒருவர் சொன்னார். நகரத்தை விட்டுப் போனதில் அவருக்கு வருத்தமே இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவு. கூவம் கரையிலிருந்து போனவர்களுக்குச் சாமான் ஏற்றிச் செல்ல 5,000 ரூபாயும், ஒரு வருடத்துக்கு மாதம் 2,500 ரூபாயும் வாழ்வாதாரத் தொகையாகக் கொடுத்தார்கள். பதின்மூன்றாவது மாதம்தான் உண்மையான சம்பளக் கணக்கு தொடங்கும். லிப்ட் உள்ள அடுக்குகளில் பராமரிப்புக்கு மாதம் 750 ரூபாய். ஆற்றங்கரையில் கட்டாத தொகை இது. நிலுவை சேர்ந்துகொண்டே போகும். லிப்ட் நின்றால் ஆறாம் மாடிக்குக் குடத்தோடு ஏறுவதும் அதே வீட்டுப் பெண்தான். 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து, வசூலாகும் தொகைக்கு இணையாக அரசும் கொடுக்கிறது. சங்கம் ஒழுங்காக இருக்கும் பிளாக்குகளில் அது வேலை செய்கிறது. ஒரே தெருவிலிருந்து வந்தவர்கள் ஒரே பிளாக்கில் இருந்தால்தான் அப்படிப்பட்ட சங்கம் அமைவது எளிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றை எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலை கேட்கப் போகும் பையன் முகவரி சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறும். கண்ணகி நகர்ப் பிள்ளைகள் பலர் சித்தி வீட்டு முகவரியைச் சொல்லப் பழகிவிட்டார்கள். வீட்டின் விலையில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஒதுக்கீட்டு ஆணை என்பது கிரயப்பத்திரம் ஆகாது. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது. ரகசியமாக விற்றவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவர் கையிலும் ஒன்றுமில்லை, விற்றவர் பெயர் மட்டும் பயனாளி பட்டியலில் நிரந்தரமாக இருக்கும். அடுத்த திட்டத்தில் அவருக்கு வீடு கிடையாது.

இது யாருக்குச் சரி? உண்மையிலேயே ஆற்றின் சரிவில், ஒவ்வொரு ஐப்பசிக்கும் சாமானைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுபவர்களுக்கு. பெரும்பாக்கத்துக்கு அருகே உள்ள ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் ஏற்கெனவே துப்புரவு வேலை, காவல் வேலை பார்ப்பவர்களுக்கு. வேறு எந்த இடத்தைப் பற்றியும் வாரியம் பேசவே தயாராக இல்லை, தெருவும் ஏற்கெனவே பாதி போய்விட்டது என்கிற நிலையில் மிச்சமிருப்பவர்களுக்கு.

## வழி இரண்டு: அங்கேயே, அல்லது பக்கத்திலேயே

'அங்கேயே' என்பதையும் 'பக்கத்திலேயே' என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாரியத்தின் பழைய அடுக்கு இடிந்து விழும் நிலையில் இருந்தால் அங்கேயே மறுகட்டுமானம் கேட்கலாம், செய்தும் வருகிறார்கள். கடலை விட்டு நகர முடியாது என்ற மீனவர் குப்பங்களின் வாதமும் எடுபட்டிருக்கிறது. நொச்சிக்குப்பத்தில் மெரினா ஓரத்திலேயே அடுக்கு நிற்கிறது. ஆனால் நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் தகர வீட்டுக்கு அதே இடத்தில் கட்டிடம் எழும்பாது. சட்டமும் விடாது, நீதிமன்றமும் விடாது. அங்கே கேட்க வேண்டியது ஐந்து கிலோமீட்டருக்குள் வாரியத்தின் வேறு நிலம், வேறு காலி வீடு.

கேட்டால் கிடைக்குமா? கிடைத்திருக்கிறது. அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் 2021 ஜூலையில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அந்தக் குடும்பங்களுக்கு நகரத்துக்குள்ளேயே, புளியந்தோப்பு கே.பி. பூங்கா என்ற வாரிய அடுக்குக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தரப்படும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நகரத்துக்குள் இடமே இல்லை என்று அதுவரை சொல்லிவந்த பதிலுக்கு என்ன பொருள் என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

வெளியூர் உதாரணம் ஒன்று. பாங்காக்கில் பாங் புவா கால்வாய் ஓரத்துக் குடியிருப்புகளையும் அகற்றத்தான் நினைத்தார்கள். மக்கள் சேமிப்புக் குழுக்களாகத் திரண்டு, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருந்த வீடுகளைத் தாங்களே பின்னுக்கு இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். கரையோரம் நடைபாதை வந்தது. அரசு நிலத்தை முப்பது வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2003இல் தொடங்கிய தாய்லாந்து அரசுத் திட்டத்தின் கீழ் நடந்தது இது. கால்வாயும் பிழைத்தது, தெருவும் பிழைத்தது. இங்கே சட்டம் வேறு, நீதிமன்றத் தீர்ப்புகள் வேறு. அப்படியே கேட்டால் நடக்காது. ஆனால் கரையைக் காப்பதற்கு அங்கே வாழ்பவரை ஊருக்கு வெளியே அனுப்புவது ஒன்றுதான் வழி என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கிறது.

இந்த வழியின் மறைந்த செலவு காலம். மறுகட்டுமானம் நடக்கும்போது வெளியே தங்கக் கொடுக்கும் கருணைத்தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்து 24,000 ரூபாயானது. மொத்தமே அவ்வளவுதான். சென்னையில் ஒற்றை அறைக்கு அட்வான்ஸ், வாடகை கொடுத்தவர்களுக்கு அது எத்தனை மாதம் வரும் என்று தெரியும். 'பதினெட்டு மாதத்தில் சாவி' என்ற பேச்சை நம்பித் திட்டம் போடாதீர்கள். மூன்று வருடத்துக்குத் திட்டம் போடுங்கள். முன்னாலேயே முடிந்தால் லாபம்.

இரண்டாவது செலவு, பயனாளி பங்கு. கே.பி. பூங்காவில் அடுக்கு எழும்பிய பிறகு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்டார்கள். மக்கள் சாலைக்கு வந்தார்கள். பங்குத்தொகை எவ்வளவு, தவணை உண்டா, வங்கிக் கடனுக்கு யார் பொறுப்பு என்பதை இடத்தைக் காலி செய்வதற்கு முன்னால் எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு கந்துவட்டிக்காரர்தான் பொறுப்பாவார். மூன்றாவது, கட்டிடத்தின் தரம். அதே கே.பி. பூங்காவில் 2021 ஆகஸ்டில் விரலால் சுரண்டினால் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை ஊரே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐ.ஐ.டி. வரை ஆய்வுக்குப் போனது. கட்டும்போதே தெருச் சங்கத்திலிருந்து இரண்டு கொத்தனார்கள் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். நம் தெருவில் கொத்தனாருக்கா பஞ்சம்?

இது யாருக்குச் சரி? வேலை முழுதும் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் தெருவுக்கு. காத்திருக்கும் காலத்தில் தங்க உறவினர் வீடோ சேமிப்போ இருப்பவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேல், பாதிப்பேர் டோக்கன் வாங்கிவிட்டால் மீதிப்பேரின் கோரிக்கைக்கு விலை இருக்காது என்று புரிந்த தெருவுக்கு.

## வழி மூன்று: வழக்கு

வழக்கு வீடு தராது, நாள் தரும். இதைப் புரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

சட்டம் ஏழைக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதும் இரண்டு பக்கமாகவே இருக்கிறது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. அதே ஆண்டில், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியான சந்துரு தொடுத்த தமிழ்நாட்டுக் குடிசைப் பகுதி வழக்கில், மாற்று இடம் கொடுத்த பிறகே அகற்றுவோம் என்ற அரசின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் பதிவு செய்தது. மறுபக்கம், 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொன்னது. அதன் பிறகு இந்தத் திசையிலேயே தீர்ப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

2024 நவம்பரில் புல்டோசர் இடிப்புக்கு எதிராக உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைக் கைபேசியில் காட்டி, "பதினைந்து நாள் நோட்டீஸ் இல்லாமல் எங்களைத் தொட முடியாது" என்று பலர் சொல்கிறார்கள். தீர்ப்பை முழுதாகப் படிக்க வேண்டும். சாலை, நடைபாதை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் இருக்கும் கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் நிலம் எந்த வகை என்று முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மறைந்த செலவு இங்கேதான் அதிகம். வக்கீல் கட்டணத்தைச் சொல்லவில்லை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாகவே வக்கீல் கிடைப்பார். மனுவைப் பெண்கள் பெயரில் போடுங்கள். நான் சொல்லும் செலவு வேறு. வழக்கு தோற்றால் நீதிமன்ற உத்தரவு என்கிற கயிறு உங்கள் கழுத்துக்கு வரும். அதுவரை பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரி, "கோர்ட் ஆர்டர், என் கையில் ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடுவார். அது பல நேரம் அவருக்கு நிம்மதியாகவும் இருக்கும். இன்னொன்று: தெருவில் ஒருவர் தனியாகப் போட்ட வழக்கு தோற்றாலும் அதன் விளைவு எல்லார் தலையிலும் விழும். ஊர்க்கூட்டத்தில் பேசாமல் யாரும் ஓடிப்போய் வழக்குப் போட வேண்டாம்.

வழக்கில் என்ன கேட்பது என்பதும் முக்கியம். 'எங்களை அகற்றவே கூடாது' என்று நீர்நிலை நிலத்தில் நின்று கேட்டால் பெரும்பாலும் முதல் நாளே பதில் தெரிந்துவிடும். 'மாற்று வீடு கையில் வரும் வரை, படிப்பு ஆண்டு முடியும் வரை, மழைக்காலம் கழியும் வரை' என்று கேட்டால் நீதிபதி காது கொடுக்க இடமிருக்கிறது. அரசே 2021 அக்டோபரில் மறுகுடியமர்வுக் கொள்கைக்கு ஒரு வரைவை வெளியிட்டது. அதில் அரசு தன் வாயால் சொன்னவற்றை எடுத்துக் காட்டலாம்.

## வழி நான்கு: பட்டா

எதிர் வரிசைக்காரர்களுக்கான வழி இது. வருவாய்த் துறையின் மொழியில் புறம்போக்கு இரண்டு வகை: ஆட்சேபணையற்றது, ஆட்சேபணைக்குரியது. நீர்நிலை, சாலை, மேய்ச்சல் எல்லாம் இரண்டாவதில் வரும். முதல் வகையில் நீண்டகாலம் குடியிருப்பவர்களுக்குப் பட்டா உண்டு. 2025 பிப்ரவரியில் சென்னையைச் சுற்றியுள்ள 'பெல்ட் ஏரியா'விலும் பிற நகரங்களிலுமாக 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பட்டா தர அமைச்சரவை முடிவெடுத்தது. பட்டா வந்தால், தானே வீடு கட்டிக்கொள்ளப் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தரும் மானியத்துக்கு மனு செய்யலாம். அதை வைத்து வீடு முடியாது. அஸ்திவாரமும் சுவரும் எழும்.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பட்டா கிடைக்கக்கூடிய வரிசை, கிடைக்காத வரிசையை விட்டு மெல்ல விலகும். அதைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு வரிசையும் சேர்ந்து ஒரு சங்கமாக இருந்தால், காலி இடமுள்ள வரிசையிலேயே இன்னும் பத்து வீட்டுக்கு இடம் கேட்கலாம்.

## வழி ஐந்து: தொகையை வாங்கிக்கொண்டு வாடகைக்கு

பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் குடிசைக்குள்ளேயே வாடகைக்கு இருப்பவருக்கு வேறு வழி பல நேரம் இருப்பதில்லை. கணக்கெடுப்பில் குடிசையின் 'சொந்தக்காரர்' பெயர் ஏறும், அவர் வேறு இடத்தில் வசிப்பார். பத்து வருடமாக அங்கேயே இருப்பவர் பெயர் ஏறாது. இதைப் பற்றிப் பேச எந்தச் சங்கமும் விரும்புவதில்லை, ஏனென்றால் சங்கத் தலைவரே சில நேரம் அந்தச் சொந்தக்காரராக இருப்பார்.

## ஒரே பார்வையில்

| | மறுகுடியமர்வு | பக்கத்திலேயே வீடு | வழக்கு | பட்டா | வாடகை |
|---|---|---|---|---|---|
| வேலைக்குத் தூரம் | மிக அதிகம் | நடை தூரம் | மாற்றமில்லை, தற்காலிகம் | மாற்றமில்லை | கிடைக்கும் இடம் |
| வெள்ளம் | இடத்தைப் பொறுத்தது. செம்மஞ்சேரியில் உண்டு | கட்டும் நிலத்தைப் பார்க்கவும் | ஆபத்து தொடரும் | குறைவு | தரைத்தளமா என்று பார்க்கவும் |
| கையில் வரும் காகிதம் | ஒதுக்கீட்டு ஆணை | ஒதுக்கீட்டு ஆணை | இடைக்கால உத்தரவு | பட்டா | ஒன்றுமில்லை |
| எதிர்பாராத செலவு | பராமரிப்பு, போன வேலைகள் | பங்குத்தொகை, நடுவில் வாடகை | தோற்றால் பேச்சுவார்த்தை முடிந்தது | கட்டுமானக் கடன் | அட்வான்ஸ், ஏறும் வாடகை |
| எத்தனை நாள் | உடனே | மூன்று வருடம் வரை | வாரங்கள், சில நேரம் மாதங்கள் | சொல்ல முடியாது | உடனே |
| தெரு சேர்ந்திருக்குமா | கேட்டு வாங்கினால் | பெரும்பாலும் | ஆம் | பாதித் தெரு | இல்லை |

## கலந்து எடுப்பது

நடைமுறையில் யாரும் ஒன்றை மட்டும் எடுப்பதில்லை. நீர்நிலை வரிசைக்கு நான் சொல்லும் வரிசை இது: முதல் வாரத்தில் நோட்டீஸுக்கு எழுத்தில் பதில், அதிலேயே, ஐந்து கிலோமீட்டருக்குள் வாரியத்தின் காலி வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பெயர் சொல்லிக் கேட்பது, பேச்சு முறிந்தால் மட்டும் காலம் வாங்குவதற்கு வழக்கு. இடிப்பு இயந்திரம் தெருமுனைக்கு வந்த பிறகு வழக்கைப் பற்றி யோசித்தால் வக்கீலுக்குக் கோப்பு தயாரிக்கவே நேரம் இருக்காது.

பெரும்பாக்கம்தான் என்று முடிவாகிவிட்டால், அதையும் சும்மா ஏற்க வேண்டாம். ஒரு தெருவுக்கு ஒரே பிளாக், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கீழ்த்தளம், மே மாதத்தில் இடமாற்றம், ரேஷன் கார்டு மாற்றம் வீட்டுச் சாவியோடு சேர்த்து. இவை நான்கும் அதிகாரியால் தன் மட்டத்திலேயே செய்யக்கூடியவை. மேலே கேட்க வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த வழியானாலும் ஒரு நூறு பக்க நோட்டு வேண்டும். அதிகாரிகளின் கணக்கெடுப்புக்கு முன்னால் தெருவே எடுக்கும் கணக்கெடுப்பு அது. பெண்ணுரிமை இயக்கம் போன்ற அமைப்புகளின் துணையோடு இதைச் செய்யலாம், தனியாகவும் செய்யலாம். கதவுக்கு ஒரு பக்கம். எந்த வருடத்திலிருந்து இருக்கிறார்கள், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எது இருக்கிறது, யார் எங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள். கூரைக்குள் எத்தனை அடுப்பு என்பதையும் எழுதுங்கள். திருமணமான மகன் தனி அடுப்பு வைத்திருந்தால் அது தனிக் குடும்பம். ரேஷன் கார்டு ஒன்றாக இருந்தால் கணக்கெடுப்பில் ஒன்றாகவே எழுதிவிடுவார்கள், முந்நூறு சதுர அடியில் எட்டுப் பேர் படுக்க வேண்டியிருக்கும். கார்டைப் பிரிக்க மனு கொடுத்த ரசீதையாவது அந்தப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கணக்கெடுப்பவர்கள் பகல் பதினொரு மணிக்கு வருவார்கள். அந்த நேரம் பாதி வீடு பூட்டியிருக்கும். பூட்டிய வீட்டுக்கு எண் விழாது. அன்றைக்கு நோட்டை வைத்துக்கொண்டு கூடவே நடக்க இரண்டு பேரை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்; ஒருவர் ஆற்று வரிசையிலிருந்தும், ஒருவர் எதிர் வரிசையிலிருந்தும்.